ஸ்ட்ரெதம் வீட்டில் ஒரு குரோஷிய அமைச்சரவை

2009ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, புதன்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். லண்டனில் முப்பத்தொரு டிகிரி வெயில். திருச்சிக்காரனான எனக்கே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்ட்ரெதத்தில் நாங்கள் ஆறு ஆண்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறைக்குள் சாக்ரெப் அண்ணை நுழைந்தார். பெட்ரோல் நிலையத்துத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ராஜினாமாச் செய்திட்டன்" என்றார்.

"வேலையையா?" என்று பதறினேன். வேலை போனால் வாடகை போகும், வாடகை போனால் எரிவாயுக் கட்டணத்தை ஐந்து பேர் பங்கிட வேண்டிவரும்.

"விசரோ ஐயா? பிரதமர் பதவியை."

சொந்த ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத் தேர்தலில்கூட நிற்காமல், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாட்டின் அரசாங்கத்தை ஒரு வாடகை வீட்டுக்குள் ஐந்தரை வருடம் நடத்திய மனிதர் பூமியில் அவர் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்த வேண்டாம். என் வயதுக்கு ஒருவரே போதும்.

அவருடைய உண்மையான பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு சாக்ரெப் அண்ணை. அவரைவிட நான் பதினொரு வயது மூத்தவன். இருந்தும் நானும் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவரை, "இதுதான் ஜெர்மனி" என்று சொல்லி ஒரு ஏஜென்ட் குரோஷியாவின் தலைநகரான சாக்ரெபில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அது ஜெர்மனி இல்லை என்று கண்டுபிடிக்க அவருக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் காது கேளாத ஒரு கிழவரின் வீட்டில் அறை எடுத்துவிட்டார். கிழவர் தொலைக்காட்சியில் நாடாளுமன்ற நேரடி ஒளிபரப்பைத் தவிர வேறெதுவும் பார்ப்பதில்லை. அதையும் தெருமுனை வரை கேட்கும் சத்தத்தில் வைத்துப் பார்ப்பார்.

அண்ணை குரோஷிய மொழி கற்றுக்கொண்டது அந்தப் பெட்டியிடம்தான். விளைவு என்னவென்றால், அந்த மொழியில் அவருக்கு ஒரு றாத்தல் பாண், அதாவது ரொட்டி, கேட்கத் தெரியாது. அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரத் தெரியும். முதன்முதலாக பேக்கரிக்குப் போனவர், கல்லாவில் இருந்த பெண்ணைப் பார்த்து, "மதிப்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே, விவாதத்தில் கலந்துகொள்ள அனுமதி கோருகிறேன்" என்றாராம்.

"அவள் என்ன செய்தாள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் கதைக்கேல்லை. பாணைத் தந்து, காசு வேண்டாம், கெதியாப் போ எண்டு கையைக் காட்டினாள். பதினாலு மாசம் அப்பிடித்தான் சாப்பிட்டனான்."

அந்தப் பதினாலு மாதத்துக்குள், 2000ஆம் ஆண்டு ஜனவரியில், ஆறு கட்சிகள் கூடி அங்கே புது அரசு அமைத்தன. கிழவரும் அண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பதவியேற்பைப் பார்த்தார்களாம். நம்மில் சிலருக்குச் சிறு வயதில் பார்த்த தேர்த்திருவிழா கண்ணில் நிற்பதுபோல, அவருக்கு அது நின்றுவிட்டது.

லண்டன் வந்து பெட்ரோல் நிலையத்தில் காசாளராகச் சேர்ந்த பிறகும் சாக்ரெபை அவர் விடவில்லை. ஷிப்ட் முடிந்ததும் நூலகத்துக் கணினியில் அந்த நாட்டுச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். 2003 டிசம்பர் 23 அன்று அங்கே புதுப் பிரதமர் பதவியேற்றார். அன்று மாலை எங்கள் வீட்டிலும் அமைச்சரவை பதவியேற்றது. எங்களை யாரும் கேட்கவில்லை. சோறு கொதித்துக்கொண்டிருந்தது, அதை இறக்கவேண்டுமானால் சத்தியம் செய்யவேண்டும் என்றார். செய்தோம்.

கோலாலம்பூரிலிருந்து வந்து ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்த கேஎல்லுக்கு உள்துறை, வாசற்கதவின் உபரிச் சாவி அவரிடம் இருந்ததால். சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்த சுகந்தனுக்கு நிதி. அவனுக்குப் பத்துப் பவுண்டுக்குச் சில்லறை எண்ணத் தெரியாது. காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருடம் கணக்குப் பார்த்த எனக்கு, கடல், சுற்றுலா, போக்குவரத்து, அபிவிருத்தி. அந்தப் பெயரில் ஓர் அமைச்சகம் அங்கே உண்மையாகவே இருந்தது.

"நிதி எனக்குத்தானே வரணும்?" என்றேன்.

"ஐயா, உங்கடை அறை பாத்ரூமுக்குப் பக்கத்திலை. கடல் உங்களுக்குத்தான்."

குழாய் ஒழுகினால் கடல். மாடிப்படி போக்குவரத்து. யாருடைய சொந்தக்காரராவது வந்து நடுக்கூடத்தில் படுத்தால் சுற்றுலா. அபிவிருத்தி என்றால் என்ன என்று கடைசிவரை எனக்குச் சொல்லப்படவில்லை. 2008 ஜனவரியில் அங்கே அமைச்சரவை மாறியபோது சுற்றுலாவைத் தனித் துறையாகப் பிரித்தார்கள். அண்ணையும் பிரித்தார். சுற்றுலா சுகந்தனுக்குப் போனது. இரண்டு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. இப்போது நினைத்தாலும் அது நியாயமில்லை.

மீதி இருவர் வவுனியாச் சகோதரர்கள். ஒருவன் பகல் ஷிப்ட், மற்றவன் இரவு ஷிப்ட், இருவருக்கும் ஒரே கட்டில். இரண்டு பேரையும் சேர்த்து நான் ஆறு வருடத்தில் நான்கு முறைதான் பார்த்தேன். விவசாயமும் கலாசாரமும் அவர்களிடம் இருந்தன. எது யாரிடம் என்று அவர்களுக்கும் தெரியாது.

ஒருமுறை ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு அண்ணையோடு போயிருந்தேன். அர்ச்சனைச் சீட்டை நீட்டினார்.

"ஆற்றை பேருக்கு?" என்றார் ஐயர்.

"குரோஷிய அமைச்சரவை."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் முருகன் கையிலிருந்த வேலைப் பார்த்தேன்.

"நட்சத்திரம்?"

"ரெண்டாயிரத்து மூண்டு, டிசம்பர் இருபத்திமூண்டு, பகல். நீங்களே பாத்துச் சொல்லுங்கோ."

ஐயர் நல்ல மனிதர். உள்ளே போய்ப் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு வந்தார். "மூலம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அமாவாசையிலையோ பதவி ஏத்தவை?" என்றார். அண்ணையின் முகம் வாடிவிட்டது. அந்த மாதம் முழுவதும் வீட்டில் மீன் இல்லை.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஜூன் மாதம் நடந்த ஒரு காரியத்தை நீங்கள் புரிந்துகொள்வதற்காக. எங்கள் வீட்டுக்காரி, செவன் கிங்ஸில் இருந்த ராணி அக்கா. வாடகைக்கு ஒரு நாள் தாமதித்தால் காரை எடுத்துக்கொண்டு லண்டனின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு வந்துவிடுவார். அந்த வீட்டுக்குக் கவுன்சில் கொடுத்திருந்த அனுமதி ஐந்து பேருக்கு. ஆறாவது ஆள் எப்படி வந்தான் என்பது ஒரே கட்டிலில் இரண்டு சகோதரர்கள் படுத்த கதை. பார்வையிட வந்த கவுன்சில் அதிகாரி, "இங்கே எத்தனை பேர்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கதவைத் திறந்தது அண்ணை. அமைச்சரவையை அறிமுகப்படுத்த அவருக்கு அதுவரை ஒரு வெளியாள் கிடைத்ததில்லை. எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார். மாடியில் தூங்கிய இரவுத் தம்பியையும் போர்வையோடு இறக்கிக்கொண்டு வந்து, "இவர் கலாசாரம்" என்றார். அதிகாரி எண்ணினார். ஆறு.

ஆகவே, நான் தொடங்கிய அந்த ஜூலை முதல் தேதி மாலை, அண்ணை ராஜினாமாவை அறிவித்தபோது, சமையலறையில் ராணி அக்காவும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாத முடிவுக்குள் ஒருவர் வெளியேற வேண்டும் என்று கவுன்சில் எழுதியிருந்தது. யார் என்பதை அவர் வரும் வழியிலேயே தீர்மானித்துவிட்டார்.

"தம்பி, நீர் வேறை இடம் பாரும்."

அண்ணை அசையவில்லை. ஆனால் தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். லண்டனில் அவருக்கு உறவு என்று ஒருவரும் இல்லை. காலை ஐந்து மணி ஷிப்டுக்கு அந்த வீட்டிலிருந்து நடந்து போய்விடலாம். வேறெங்கிருந்தும் அந்த நேரத்துக்குப் போய்ச்சேர வழியில்லை. அறை போனால் வேலையும் போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, நான் போக ஏலாது" என்றார் நிதானமாக.

"ஏன் ஏலாது?"

"இண்டைக்கு அங்கை பிரதமர் திடீரெண்டு விலகிட்டார். அதாலை நானும் விலகிட்டன். இப்ப நான் காபந்துப் பிரதமர். புது அரசு வரும்வரைக்கும் காபந்துப் பிரதமர் இடத்தை விட்டு அசையக் கூடாது."

ராணி அக்கா என்னிடம் திரும்பினார். "ஐயா, நீங்கள் படிச்ச மனுசன். உவருக்குத் தலையிலை என்ன வருத்தம்?"

"அரசியலமைப்புப்படி சரிதாங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

"சரி, புது அரசு எப்ப வரும்?"

"அடுத்த பிரதமர் ஒரு பொம்பிளையா இருக்கும் எண்டு கதை. அங்கை அப்பிடியெண்டால் இஞ்சையும் அப்பிடித்தான். ஆனா இந்த வீட்டிலை..." என்று அண்ணை அங்கே நின்ற என்னையும் கேஎல்லையும் சுகந்தனையும், மீசை மீசையாக, பார்த்தார். பிறகு அவருடைய கண் மெதுவாக ராணி அக்காவிடம் வந்து நின்றது.

"என்னையோ? உமக்கு விசர்!"

"நீங்கள் பதவியேத்தால் நான் அடுத்த நிமிசம் போவன். சத்தியமாப் போவன்."

அக்கா விசிறுவதை நிறுத்தினார். அவருடைய மனதில் ஓடியது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: ஐந்து நிமிடக் கூத்து, ஆள் வெளியே. "சரி, இப்பவே ஏத்துங்கோ. எதிலை கையை வைக்கவேணும்?"

"இப்ப ஏலாது. சபையிலை பெரும்பான்மை வேணும். வந்த ஆக்களிலை பாதி இல்லை, மொத்த உறுப்பினரிலை பாதிக்கு மேலை. ஆறு பேர் சபையெண்டால் நாலு வாக்கு."

ராணி அக்கா கார் கதவை அடித்துச் சாத்திய சத்தம் தெருவுக்கே கேட்டது.

அன்றே நாங்கள் மூன்று பேர் மாடிப்படியில், அதாவது என் ஆட்சிப் பரப்பில், ரகசியமாகக் கூடினோம். அக்கா தோற்றால் அண்ணை இருப்பார். ஆகவே யாரும் கை தூக்கக் கூடாது. "சிம்பிள் லா" என்றார் கேஎல். "நம்ப கை நம்ப பாக்கெட்டுல." கவுன்சில் என்ன செய்யும் என்று நான் கேட்டேன். சுகந்தன் அடுப்பைப் பார்க்க இறங்கிப் போய்விட்டான். எனக்கு அன்றிரவு தூக்கம் இல்லை.

எங்களுக்கு எதிராகப் பிரசாரம் செய்தவர் அண்ணைதான். தன்னை வெளியேற்றப்போகிறவருக்கு ஆதரவு திரட்டி அறை அறையாக அலைந்தார். வியாழக்கிழமை ராணி அக்காவிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது.

"ஐயா, எனக்கு எத்தினை வாக்கு இருக்கு?"

"அண்ணையோடது ஒண்ணுங்க."

"ஒண்டோ!" என்று அவமானப்பட்டுப்போனார். "அந்த மலேசியாக்காரருக்கு என்ன வேணுமாம்?"

அதுவரை வீட்டில் ஒரு பல்பு மாற்ற மூன்று மாதம் எடுத்த பெண்மணி, வெள்ளிக்கிழமை கேஎல்லுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் தனித் தட்டு தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை சுகந்தனுக்கு இன்டர்நெட். ஞாயிற்றுக்கிழமை சகோதரர்களுக்கு இரண்டாவது கட்டில். என்னிடம், "உங்களுக்கு என்ன ஐயா?" என்றார். சுற்றுலா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். "வாடகை வாங்க வந்தனானோ, கலியாணம் பேச வந்தனானோ தெரியேல்லை" என்று பெருமூச்சு விட்டாலும், மறுநாள் வாக்கெடுப்புக்கு என்ன சேலை கட்டுவது என்றும் என்னிடமே கேட்டார்.

ஜூலை ஆறு, திங்கட்கிழமை மாலை. அண்ணை நூலகத்திலிருந்து ஓடிவந்தார். "அங்கை நிறைவேறிட்டுது! முதல் பெண் பிரதமர்!" அக்கா மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் வந்திருந்தார். வியர்வையில் பவுடர் கோடு கோடாக வழிந்தது. பகல் தம்பி வேலையிலிருந்து வரவில்லை. இரவுத் தம்பி இறங்கிவந்து, "சாப்பாடோ?" என்று கேட்டு, இல்லை என்றதும் திரும்பிப் போய்விட்டான். சமையலறையில் வாக்குரிமை உள்ள நான்கு பேர்தான் இருந்தோம். வேண்டிய வாக்குகளும் நான்கு.

"ஆதரவாக வாக்களிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

அண்ணையின் கை மட்டும் மேலே போனது. கேஎல் தன் செருப்பைப் பார்த்தார். சுகந்தன் ஜன்னலைப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அண்ணை கையை இறக்கவில்லை. தூக்கிய கையோடு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எனக்காகத்தான் இப்பிடி நிக்கிறியள் எண்டு தெரியும். ஆனா இதைக் கெடுக்காதேங்கோ. நான் ஏன் அந்த நாட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன் தெரியுமோ? அங்கையும் சண்டை நடந்த நாடுதான். இப்ப ஒரு மனுசன் எழும்பி, நான் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போறார். அஞ்சாம் நாள் ஒரு மனுசி வந்து அந்தக் கதிரையிலை இருக்கிறா. ஒருத்தரும் சாகேல்லை, ஐயா. ஒரு கண்ணாடிகூட உடையேல்லை. அதை நான் ஒருக்கா எண்டாலும் என்ரை கண்ணாலை, என்ரை வீட்டுக்குள்ளை பாக்கவேணும்."

ஊரில் போர் முடிந்த அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு அவர் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. கேஎல்லின் கை மேலே போனது. பிறகு சுகந்தனுடையது. மூன்று.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மனம் எப்போதும்போல் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. ஆறில் ஒன்று போனால் ஐந்து. கவுன்சில் கேட்டது ஐந்து. அந்த ஒன்று யார் என்று கவுன்சில் சொல்லவில்லை. கையைத் தூக்கினேன்.

ராணி அக்கா அரிசிப் பானையின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். அண்ணை கைதட்டினார். பிறகு, சொன்ன சொல் தவறாதவராக, மாடிக்குப் போய் அதே நிமிடத்தில் பெட்டியோடு இறங்கினார். அதை முன்பே கட்டி வைத்திருந்திருக்கிறார்.

"பிரதமர் அவர்களே" என்றேன் நான் எழுந்து. "போன வருஷம் என்கிட்டேருந்து சுற்றுலாவைப் பறிச்சீங்க. அதுக்கு ஈடா எனக்கு வெளியுறவு வேணும்."

"பறிச்சது நானில்லை, உவர். சரி, எடுங்கோ, எனக்கென்ன."

"வெளியுறவு அமைச்சர் வெளியிலதான இருக்கணும்? நான் ஆர்ச்வேயில ஒரு அறை பார்க்கிறேன். என் ஆபீசுக்கும் அது பக்கம்."

பக்கம் இல்லை. ஸ்ட்ரெதத்தைவிடப் பத்து நிமிடம் அதிகம். அண்ணைக்கு அது தெரியும். பெட்டியைக் கீழே வைத்தார். "ஐயா, வேண்டாம். சட்டத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை."

"அமைச்சராகிறவர் சபையில உக்காரக் கூடாது, இடத்தை இன்னொருத்தருக்கு விடணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அண்ணை தலையாட்டினார். அங்கே சட்டம் அப்படித்தான். அதைச் சரியாக நடைமுறைப்படுத்தினால் நாங்கள் எல்லோருமே தெருவில் நின்றிருக்க வேண்டும்.

"நான் சத்தியம் பண்ணினனான், அக்கா. போகவேணும்" என்றார்.

ராணி அக்கா சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். விரலால் தலைகளை எண்ணினார். என்னை விட்டுவிட்டு எண்ணினார்.

"தம்பி, பிரதமர் சொன்னால் கேக்கவேணுமோ, இல்லையோ?"

"கேக்கவேணும்."

"அப்ப இரும்."

அண்ணை பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கேஎல் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். முதல் அமைச்சரவைக் கூட்டத்தில் ஒரே தீர்மானம் நிறைவேறியது: வெளியுறவு அமைச்சர் ஞாயிறுதோறும் நேரில் வந்து அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

நான் ஓய்வுபெற்றுத் திருச்சிக்குத் திரும்பும்வரை இருபத்தொன்பது மாதம் ஆர்ச்வேயில் இருந்தேன். ஜன்னல் வடக்குப் பார்த்தது; மூட்டுவலி அங்கேதான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்ட்ரெதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, மழையானாலும் பனியானாலும், பெட்ரோல் நிலையத்துத் தொப்பியோடு ஒருவர் நிறுத்தத்தில் நின்றிருப்பார். வெளிநாட்டிலிருந்து வரும் அமைச்சரை வரவேற்காமல் இருப்பது மரபு இல்லையாம். நான் போனது நூற்று இருபத்திரண்டு ஞாயிறு. ஒரு ஞாயிறும் அவர் தவறவில்லை.

வாடகை வித்தியாசம் மாதம் அறுபத்தைந்து பவுண்டு, ரயிலும் பஸ்ஸுமாக ஒவ்வொரு ஞாயிறும் நான்கு பவுண்டு நாற்பது பென்ஸ், சாமான் ஏற்றிய வேனுக்கு நாற்பது. எதற்கு இவ்வளவு என்று வீட்டில் கேட்டார்கள், இன்னும் கேட்கிறார்கள். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன், கொஞ்சம்கூட அதிகமில்லை: இரண்டாயிரத்து நானூற்று அறுபத்தொரு பவுண்டு, எண்பது பென்ஸ்.